லோடு ஏறியதும் கியர் ஏன் கத்துகிறது?

திருவொற்றியூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது இதுதான்: "குட்டியானை ஓட்டிப் பழகியவன். இப்போது ஹெவி லைசென்ஸ் எடுப்பதற்காகப் பத்து சக்கர லாரியில் பழகுகிறேன். காலி வண்டியில் கியர் சுலபமாக விழுகிறது. லோடு ஏற்றிவிட்டால் ஐந்திலிருந்து நாலுக்கும், நாலிலிருந்து மூன்றுக்கும் இறக்கும்போது கர்ரென்று கத்துகிறது. மேம்பாலத்தில் ஒருமுறை கியரே விழாமல் வண்டி நின்றுவிட்டது. கூட வரும் டிரைவர் 'பலமா போடு' என்கிறார். வீடியோக்களில் டபுள் கிளட்ச் என்கிறார்கள், கிளட்சே வேண்டாம் என்றும் காட்டுகிறார்கள். எதைக் கேட்பது?"

தம்பி, முதலில் பலமாகப் போடுவதை விட்டுவிடுங்கள். துறைமுக லைனில் ட்ரெய்லர் ஓட்டியவன், இப்போது புதுப் பையன்களைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பவன் என்கிற முறையில் சொல்கிறேன்: கத்துகிற கியரை அழுத்தித் திணித்தால் அது உள்ளே போகும், ஆனால் ஒவ்வொரு முறையும் உள்ளே ஏதோ ஒன்றைத் தேய்த்துவிட்டுத்தான் போகும். கியர் விழாததற்குக் காரணம் உங்கள் கையில் பலம் இல்லாதது அல்ல. கை போவதற்கு முன் கால் செய்ய வேண்டிய வேலை பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான்.

கியர் பாக்ஸுக்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை மனசில் படம் போட்டுக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். உள்ளே இரண்டு பக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் கிளட்ச் வழியாக என்ஜினோடு சேர்ந்தது. இன்னொரு பக்கம் ஜாயின்ட் ஷாஃப்ட் வழியாகப் பின் சக்கரத்தோடு சேர்ந்தது. சக்கரப் பக்கம் வண்டியின் வேகத்துக்குக் கட்டுப்பட்டது, அதை உங்களால் சட்டென்று மாற்ற முடியாது. என்ஜின் பக்கம் மட்டும்தான் உங்கள் காலுக்குக் கட்டுப்படும். நீங்கள் போட நினைக்கும் கியரில் இந்த இரண்டும் ஒரே வேகத்துக்கு வந்தால்தான் பல் பல்லோடு சேரும். ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவன் பஸ்ஸோடு நாலடி ஓடித்தானே ஏறுகிறான், அதே கணக்கு.

லாரி கியர்களில் ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் இடையே என்ஜின் சுற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாறும். ஐந்தாவது கியரில் நிமிடத்துக்கு 1200 சுற்றில் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வேகத்தில் நாலாவதுக்கு வர என்ஜின் பக்கம் சுமார் 1600 சுற்றுக்கு ஏற வேண்டும். ஆனால் நீங்கள் கிளட்சை மிதித்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் என்ஜின் நேர் எதிராக இறங்குகிறது. தேவை மேலே, என்ஜின் கீழே. கியர் ஏற்றும்போது இந்தத் தொல்லை இல்லை: 1800-லிருந்து 1350 பக்கம் இறங்க வேண்டும், காலை எடுத்தால் அதுவே இறங்கிவிடும். அதனால்தான் ஏற்றுவது எல்லோருக்கும் வருகிறது, இறக்குவதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்த இடைவெளியைச் சரிக்கட்டத்தான் இப்போதைய கியர் பாக்ஸ்களில் சின்க்ரோ வளையம் வைத்திருக்கிறார்கள். கூம்பு மாதிரி சரிவான ஒரு வளையம் பற்சக்கரத்தின் மேல் உரசி, இரண்டு பக்கத்தையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும். வேகம் சேரும்வரை பல்லை உள்ளே விடாமல் தடுப்பதும் அதுதான். லீவரைத் தள்ளும்போது கையில் ஒரு தடுப்பு தெரிகிறதே, அது வளையம் வேலை செய்கிற நேரம். காரில் அந்த நேரம் தெரியவே தெரியாது. லாரியில் பற்சக்கரங்கள் பெரியவை, கனமானவை, எண்ணெய் கெட்டி. அதனால் ஒரு நொடிக்கு மேலும் ஆகும். அந்த நேரம் லீவரை ஒரே சீரான அழுத்தத்தில் பிடித்திருந்தால் தடுப்பு விலகித் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்குள் இடித்துத் தள்ளினால் தேய்ந்த வளையம் தோற்றுப்போகும், பல் பல்லில் இடிக்கும். நீங்கள் கேட்கிற கர்ர் அதுதான்.

இப்போது உங்கள் கேள்வியின் முக்கியமான இடம். காலியாக இருக்கும்போது விழுவது லோடில் ஏன் விழவில்லை? கியர் பாக்ஸுக்கு லோடு தெரியாது. மேலே சிமென்ட் இருந்தாலும் காலியாக இருந்தாலும் வளையத்துக்கு வேலை ஒன்றுதான். லோடு சாப்பிடுவது உங்கள் நேரத்தை. காலி வண்டியில் கிளட்சை மிதித்து இரண்டு நொடி தடவி வேகம் குறைந்தாலும், கியர் விழுந்ததும் என்ஜின் சுலபமாக மீட்டுவிடும். 28 டன்னோடு ஏற்றத்தில் அதே இரண்டு நொடியில் விழுந்த வேகத்தை என்ஜினால் மீட்க முடியாது. அது உங்களுக்குத் தெரிவதால் கை அவசரப்படுகிறது, வளையத்துக்கு நேரம் கொடுக்காமல் இடிக்கிறது. கத்தியதும் பயந்து வெளியே எடுத்து மறுபடி முயற்சி செய்கிறீர்கள். அதற்குள் வண்டி இன்னும் வேகம் இழந்துவிடும். இப்போது நாலாவது விழுந்தாலும் அந்த வேகத்துக்கு அது பெரிய கியர், இழுக்காது. மூன்று தேடுகிறீர்கள், நின்றுவிடுகிறது. மேம்பாலத்தில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

டபுள் கிளட்ச் உதவுவது இங்கேதான். நடைமுறை இது: கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுங்கள். நியூட்ரலில் கிளட்சை விட்டுவிட்டு ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி என்ஜினை 1600, 1700 பக்கம் ஏற்றுங்கள். உடனே மறுபடி கிளட்சை மிதித்துக் கீழ் கியரைப் போடுங்கள். நடுவில் கிளட்சை விடுவது எதற்கு என்று பலர் கேட்பார்கள். கிளட்ச் மிதிபட்டிருக்கும்போது என்ஜினை எவ்வளவு முறுக்கினாலும் அந்த வேகம் கியர் பாக்ஸுக்குள் போகாது. கிளட்ச் விட்டிருந்தால்தான் உள்ளே இருக்கும் பற்சக்கரமும் சேர்ந்து ஏறும். இரண்டு மிதி மிதிப்பதால் நேரம் அதிகம் ஆகும் போலத் தெரியும். உண்மையில் வளையத்துக்கு வேலையே இல்லாமல் லீவர் வெண்ணெய்யாக விழுவதால் மொத்த நேரம் குறைந்துவிடும். பழைய லேலண்ட் வண்டிகளில் கான்ஸ்டன்ட் மெஷ் பாக்ஸ், சின்க்ரோவே கிடையாது. அதில் பழகியவர்களுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. எண்ணூர் லேலண்ட் கம்பெனி வாசலில் இருந்து பாடி கட்டாத சேஸிஸ் எடுத்துக்கொண்டு போகிற பழைய ஆட்களைக் கவனித்தால், சின்க்ரோ வண்டியிலும் இறக்கும்போது கால் தானாக இரண்டு முறை போகும்.

எல்லா இடத்திலும் வேண்டுமா என்றால், வேண்டாம். சின்க்ரோ நல்ல நிலையில் இருக்கும் வண்டியில் கியர் ஏற்றுவதற்கு டபுள் கிளட்ச் வீண் வேலை, நியூட்ரலில் ஒரு கணம் நிதானித்தால் போதும். சமதரையில் மெதுவாக இறக்கவும் அவசியமில்லை. லோடோடு ஏற்றத்தில் இறக்கும்போதும், வேகமாகப் போகையில் இறக்க நேரும்போதும், வளையம் தேய்ந்த பழைய வண்டியிலும் கட்டாயம் செய்யுங்கள். பெரும்பாலான பாக்ஸ்களில் ரிவர்ஸுக்கும் கிராலருக்கும் (முதல் கியருக்கும் கீழே, தவழ்ந்து போவதற்கான கியர்) சின்க்ரோ இருக்காது. அந்த இரண்டும் வண்டி முழுசாக நின்ற பிறகுதான்.

வீடியோ விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கிளட்ச் தொடாமல் படபடவென்று மாற்றுகிறார்களே, அது அமெரிக்க லாரி. 10, 13, 18 கியர் உள்ள சின்க்ரோ இல்லாத பாக்ஸ், அதன் அமைப்பே வேறு. நம்ம டாடாவிலும் லேலண்டிலும் அதைச் செய்து பார்த்தால் வளையத்தைத்தான் தின்னும். அதை இங்கே கொண்டுவராதீர்கள்.

சரி, எந்தச் சுற்றில் மாற்றுவது? டீசல் லாரி என்ஜின் 600 பக்கம் ஐடிலில் நிற்கும், 2400, 2500-க்கு மேல் போகாது. அதிலும் நல்ல இழுவை கிடைப்பது பெரும்பாலும் 1100-க்கும் 1700-க்கும் நடுவே. மீட்டரில் பச்சைப் பட்டை போட்டிருப்பது அதற்காகத்தான். பட்டை குறுகலாக இருப்பதால்தான் லாரிக்கு இத்தனை கியர் வைத்திருக்கிறார்கள். குட்டியானையில் வண்டி திணறித் திணறிக் கெஞ்சிய பிறகு இறக்கினாலும் சமாளிக்கலாம். லாரியில் 1000 வரை விழவிட்டால் என்ஜின் அதிரும், அதற்குப் பிறகு இறக்கினாலும் மீட்க முடியாது. ஏற்றத்தில் 1200 தொடும்போதே முடிவெடுத்துவிடுங்கள். பழைய ஆட்கள் காதால் கேட்டுச் செய்வார்கள். ஆனால் 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகும் பெரிய லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்று விதி வந்துவிட்டது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் என்ஜின் சத்தம் பாதிதான் கேட்கும். அதனால் புதிதாகப் பழகுகிறவர்கள் என்ஜின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டரைக் கண்ணால் பிடிக்கப் பழகுங்கள். ஒரு காலி ரோட்டில் ஒவ்வொரு கியரிலும் 1200 சுற்றில் வண்டி எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று கவனித்து மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வண்டிக்கு வண்டி இது மாறும். தெரிந்துவிட்டால் ஸ்பீடோமீட்டர் முள்ளைப் பார்த்ததும் எந்தக் கியர் விழும் என்று கைக்குத் தெரியும்.

மேம்பாலத்துக்கு வருவோம். வடசென்னையில் மலை கிடையாது, நமக்கு மேம்பாலம்தான் மலை. மூலக்கடை மேம்பாலமோ, மாதவரம் ரவுண்டானா மேலே ஏறுவதோ, லோடு வண்டியில் ஏற்றத்தின் நடுவில் கியர் தேடுகிற நிலையை வைத்துக்கொள்ளவே கூடாது. ஏற்றம் தொடங்குவதற்கு முன், வண்டிக்கு இன்னும் வேகம் இருக்கும்போதே ஒரு கியர் இறக்கிப் பச்சைப் பட்டையின் மேல் பகுதியில் என்ஜினை வைத்து ஏறுங்கள். முன்னால் ஷேர் ஆட்டோ நிற்குமா, பஸ் திரும்புமா என்று சந்தேகம் இருந்தால் இரண்டு கியர் இறக்கிவிடுங்கள். மெதுவாக ஏறினால் பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். ஏற்றத்தில் 1500-ல் இழுத்துக்கொண்டிருந்தால் அதே கியரில் உச்சிவரை போங்கள். நடுவில் ஆசைப்பட்டு ஏற்றாதீர்கள், ஏற்றுகிற அந்த இடைவெளியில் வேகம் போய்விடும்.

ஏற்றத்திலேயே நின்றுவிட்டால் பதறவேண்டாம். ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். முதல் கியர் போதுமா, கிராலர் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். முழு லோடு என்றால் கிராலரே போடுங்கள். கிளட்சை மெல்ல விடும்போது ஒரு இடத்தில் என்ஜின் சத்தம் கொஞ்சம் கனக்கும், கேபின் மூக்கு லேசாக மேலே தூக்கும். அங்கே காலை அப்படியே நிறுத்தி, ஆக்சிலேட்டரை லேசாகக் கொடுத்து, பிறகு ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். மூக்கு தூக்குவதற்கு முன் பிரேக்கை விட்டால் பின்னால் உருளும். பின்னால் பைக்காரர் ஒட்டி நிற்பார், உங்கள் கண்ணாடியில் அவர் தெரியவே மாட்டார்.

கிளட்சைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குட்டியானையிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் இதைக் கூடவே கொண்டுவருகிறார்கள். ரைஸ் பண்ணிக்கொண்டே, கிளட்சைப் பாதி மட்டும் விட்டு, அதாவது ஆப் கிளட்சில் வண்டியை எடுக்கிற பழக்கம். லாரிக்கு அது தேவையில்லை. சமதரையில் சரியான கியரில் ஆக்சிலேட்டரைத் தொடாமலே கிளட்சை மெல்ல விட்டுப் பாருங்கள், லோடு வண்டி ஐடிலிலேயே நகரும். காலியாக இருந்தால் இரண்டாவதில் எடுக்கலாம், அடுத்தடுத்து ஒரு கியரைத் தாண்டியும் போடலாம். லோடு இருந்தால் முதலிலிருந்து ஒவ்வொன்றாகத்தான்.

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் வரிசையில்தான் அதிக கிளட்ச் வேகிறது. முன்வண்டி பத்தடி நகர்ந்தால் நாமும் பத்தடி நகர வேண்டும் என்று ஆப் கிளட்சில் உந்துகிறார்கள். 55 டன் ட்ரெய்லரில் அதைச் சாயங்காலம்வரை செய்தால் கருகிய வாடை கேபினுக்குள் வரும். முன்வண்டியை நாற்பது, ஐம்பது அடி போக விடுங்கள். பிறகு கிராலரிலோ முதலிலோ போட்டு, கிளட்சை முழுசாக விட்டுவிட்டு, ஐடிலில் தவழ்ந்து போய்ச் சேருங்கள். இடைவெளியில் ஒரு கார் நுழையும். நுழைந்தால் நுழையட்டும், அவர் எங்கே போய்விடப் போகிறார். நின்றதும் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், இடது கால் கிளட்சை விட்டுத் தரையில். ஓடும்போதும் பாதத்தைக் கிளட்ச் பெடலின் மேல் ஓய்வாக வைக்காதீர்கள்.

ட்ரெய்லருக்குப் போகும்போது ஒன்பது கியர் பாக்ஸ் வரும். கிராலர் ஒன்று, லோவில் நாலு, ஹையில் நாலு. லோ, ஹை என்கிற இந்த இரண்டையும்தான் ரேஞ்ச் என்பார்கள். சில வண்டிகளில் லீவர் தலையில் ஸ்விட்ச் இருக்கும், லோவில் ஒன்று விழுகிற அதே இடம்தான் ஹையில் ஐந்து. சிலதில் ஹைக்குப் போக லீவரையே வலப்பக்கம் தட்டித் தாண்டவேண்டும். ஸ்விட்ச் வண்டி என்றால் நாலாவதில் இருக்கும்போதே ஸ்விட்சை மாற்றி வைத்துவிட்டு, அப்புறம் கிளட்ச் மிதித்து நியூட்ரல் வழியாக ஐந்துக்குப் போங்கள். ரேஞ்ச் மாறுவது நியூட்ரலைக் கடக்கும்போதுதான். காற்றழுத்தத்தில் மாறுவதால் அங்கே ஒரு கணம் நிற்கவேண்டும், டஸ் என்று சத்தம் வரும். ஏழில் போகும்போது தவறிப்போய் லோ ரேஞ்சுக்குத் தள்ளினால் என்ஜின் தாங்குகிற சுற்றைத் தாண்டிவிடும், பாக்ஸோ கிளட்சோ போய்விடும். காலையில் ஏர் முழுசாக ஏறாமல் வண்டியை எடுத்தாலும் ரேஞ்ச் சரியாக மாறாது.

மணலி பக்கம் டேங்கர் ஓட்டக் கூப்பிட்டால் இதையும் நினைவில் வையுங்கள். முழுசாக நிரம்பாத டேங்கரில் நீங்கள் கிளட்ச் மிதிக்கிற அதே நேரத்தில் உள்ளே இருக்கும் சரக்கு முன்னால் அலையாக வந்து மோதும். வண்டி முன்னால் ஒரு தள்ளு, பின்னால் ஒரு இழுப்பு. அந்த முதல் தள்ளு அடங்கியதும் கியரைப் போட்டுக் கிளட்சை மெதுவாக விடுங்கள். அலையோடு சண்டை போட்டு அவசரமாக விட்டால் ஜாயின்ட் வரைக்கும் அடி விழும்.

இறக்கத்தில் நியூட்ரல் மட்டும் வேண்டவே வேண்டாம். டீசல் மிச்சம் என்று சொல்லித் தருவார்கள், நம்பாதீர்கள். இப்போதைய எலெக்ட்ரானிக் என்ஜின்களில் கியரில் போட்டு ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது டீசல் ஊற்றுவது நின்றுவிடுகிறது, நியூட்ரலில்தான் ஐடிலுக்கு டீசல் குடிக்கிறது. அது போகட்டும், உயிர் விஷயம் இது. நியூட்ரலில் என்ஜின் பிரேக் கிடையாது, புகை போகும் வழியை அடைத்து என்ஜினைத் தடுக்க வைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கும் பிரயோஜனமில்லை, மொத்த எடையும் பிரேக் டிரம்மில் விழுந்து சூடேறிப் பிரேக் பிடிக்காமல் போகும். சேலம் பக்கம் லோடு எடுத்தால் தொப்பூர் கணவாய் வரும். அங்கே லாரிகள் அடுக்கடுக்காக மோதியதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். இறங்கும் முன்பே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு இறங்குங்கள். நடு இறக்கத்தில் வேகம் ஏறிய பிறகு கியர் எடுத்தால் மறுபடி விழாது, அப்படியே நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள்.

கத்துவது உங்கள் தப்பா, வண்டியின் தப்பா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. வண்டி நின்று ஐடிலில் இருக்கட்டும். கிளட்சை முழுசாக மிதித்து நாலைந்து நொடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கத்தினால் கிளட்ச் முழுசாக விடுபடவில்லை என்று அர்த்தம்: கிளட்ச் ஆயில் குறைவு, லைனில் ஏர், அல்லது பெடலின் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்குகிற தூரம்) சரியில்லை. மெக்கானிக்கிடம் சொல்லுங்கள், நீங்கள் எவ்வளவு பழகினாலும் அந்த வண்டி கத்தும். அவசரத்துக்கு, முன் கியர் ஒன்றைப் போட்டு உள்ளே சுற்றுவதை நிறுத்திவிட்டுப் பிறகு ரிவர்ஸ் போட்டால் விழும்.

பழகுவதற்கு லோடு வண்டியை மூலக்கடையில் எடுக்காதீர்கள். முதலில் ஷெட்டில் என்ஜினை நிறுத்தி வைத்து, கண் ரோட்டைப் பார்த்தபடியே கையால் கியர் இடங்களைத் தேடிப் பழகுங்கள். சில கியர் உள்ளே போகாது, பல் நேருக்கு நேர் நிற்கும். விட்டுவிட்டு அடுத்ததைத் தேடுங்கள். பிறகு விடியற்காலையில் காலி வண்டியில், கூட ஹெவி லைசென்ஸ் உள்ளவரை வைத்துக்கொண்டு, எல் போர்டு மாட்டி, சமதரையில் டபுள் கிளட்ச் மட்டும். காலியில் அது தேவையில்லைதான், ஆனால் கால் பழகவேண்டிய இடம் அதுதான். லோடில் போய்ப் புதிதாகக் கற்க நேரம் கிடைக்காது. லைட் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷமும் வயது இருபதும் ஆகியிருந்தால்தான் ஹெவிக்கு எல்எல்ஆரே போட முடியும், அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முறையாகக் கற்க வேண்டுமென்றால் கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் ஓட்டுநர் பயிற்சி மையம் இருக்கிறது, நம்ம பக்கத்திலிருந்து மின்சார ரயிலிலேயே போய்விடலாம்.

கூட வருகிற டிரைவரிடம் சண்டை போடவேண்டாம். "அண்ணே, ஒரு தடவை நான் ரெண்டு கிளட்ச்ல இறக்கிப் பார்க்கிறேன், சத்தம் வருதான்னு சொல்லுங்க" என்று கேளுங்கள்.